மதுரைக்கு முப்பத்து மூன்று நடை

விடிவதற்கு முன்பே கம்பத்துச் சாலையோரம் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து ஏறுவார்கள். கையில் தூக்குவாளி, இடுப்பில் சுருக்குப் பை. பைக்குள் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, கிள்ளி வைத்த புகையிலை. வெற்றிலை சின்னமனூர்க் கொடிக்காலில் பறித்ததாக இருக்கலாம். மலைக் குளிருக்கு ஒரு வாய், பசியைத் தள்ளிப்போட ஒரு வாய். காலில் அட்டை ஏறினால் அதன்மேல் தடவுவதும் இதே சுண்ணாம்பும் புகையிலையும்தான். மென்று முடித்ததும் துப்பிவிட மாட்டார்கள். சாறு ஊறட்டும் என்று கொடுப்பில் அடக்கிக்கொள்வார்கள்.

கொடுப்பு என்பது கன்னத்தின் உட்புறத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம். வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேச நம் மொழியில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. மேலை நாடுகளில் வாய்ப் புற்று பெரும்பாலும் நாக்கின் ஓரத்திலும் நாக்குக்குக் கீழே வாயின் அடித்தளத்திலும் வருகிறது. இந்தியாவில் அது அதிகம் பிடிக்கும் இடம் இந்தக் கொடுப்புதான். புகையிலை எங்கே உட்கார்ந்திருந்ததோ அங்கேயே புண்ணும் உட்காருகிறது.

சுண்ணாம்பு எச்சிலைக் காரமாக்குகிறது. காரச் சூழலில் பாக்கின் வேதிப்பொருட்கள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, செல்லின் மரபணுவைத் தாக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. பாக்கிலுள்ள அரிகோலின் இன்னொரு வேலையும் செய்கிறது. கன்னத்தின் தோலுக்கடியில் நார்த்திசுவைக் கட்டுகட்டாக வளர்த்து, வாயைத் திறக்கவிடாமல் இறுக்குகிறது. நடுவிலுள்ள மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய வாய் அது. புகையிலையில் இருக்கும் நைட்ரோசமீன்கள் மீதி வேலையை முடிக்கின்றன. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்வது புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-லேயே அறிவித்தது. புகையிலையே சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று 2003-இல் அதே முகமை முடிவுக்கு வந்தது. “நான் போயிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்” என்பதில் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

அந்த முகமையின் 2022-ஆம் ஆண்டுக் கணிப்புப்படி உலகில் ஓராண்டில் உதடு, வாய்ப் புற்று வருபவர்கள் சுமார் 3.9 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 1.4 லட்சம் பேர் இந்தியர்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தலை–கழுத்துப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் ஊருக்கு ஊர் அது வேறு நோய். அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் தொண்டையின் டான்சில் சதைகளில் எச்.பி.வி. வைரஸால் வருகிற புற்று பெருகிவிட்டது. கதிரும் மருந்தும் கொடுத்தால் அது நன்றாகவே கரையும். தென்சீனத்தின் குவாங்தோங் பகுதியில் மூக்கின் பின்புறம் வரும் புற்று அதிகம். அதற்கும் ஒரு வைரஸோடு தொடர்பு உண்டு, அதற்கும் கதிரே முதல் சிகிச்சை. நம் கொடுப்புப் புற்றோ எலும்பை ஒட்டி வளர்கிறது. பெரும்பாலும் கத்தியில்தான் தொடங்கியாக வேண்டும். ஹூஸ்டனில் உறவினர் ஒருவர் அறுவை இல்லாமலே குணமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டு, இங்கே அறுவையை மறுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

“எத்தன நாளா இருக்கு ஆத்தா?” என்று இளம் மருத்துவர் கேட்பார். “காய் எடுப்புக்கு முன்னாடியே இருந்துச்சு தம்பி. பல்லு குத்துதுன்னு நெனச்சேன்.” பேச்சு இப்படித்தான் தொடங்கும். ஏலக்காய் எடுப்பு பல மாதம் நீளும். அத்தனை மாதமும் புண் வளர்ந்திருக்கும்.

அறுவையில் புண்ணையும் அதைச் சுற்றியுள்ள நல்ல சதையில் ஒரு விளிம்பையும் சேர்த்து எடுப்பார்கள். எலும்பைத் தொட்டிருந்தால் தாடையில் ஒரு பகுதியும் போகும். எடுத்த இடத்தை மூட வேண்டுமே! அமெரிக்க அறுவையாளர் ஸ்டீபன் ஆரியன் 1979-இல் காட்டிய வழி, மார்புச் சதையை அதன் ரத்தக்குழாயோடு கழுத்துக்கு அடியில் சுழற்றிக் கொண்டுவந்து கன்னத்தில் தைப்பது. சீனத்தின் ஷென்யாங் நகரிலிருந்து 1981-இல் வந்தது இன்னொரு வழி. முன்கையின் மெல்லிய தோலை முழுவதுமாக எடுத்து, நுண்ணோக்கியின் கீழே ரத்தக்குழாய்களைக் கழுத்தில் இணைப்பது. பின்னதுதான் நேர்த்தியானது; கன்னம் கன்னம் மாதிரியே இருக்கும். ஆனால் அதற்குப் பல மணி நேரமும் பயிற்சி பெற்ற இரண்டு குழுக்களும் வேண்டும். கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனைகளில் மார்புச் சதைதான் இன்றும் கைகொடுக்கிறது. ஆண்களுக்கு இந்த முறையில் வாய்க்குள் ரோமம் முளைப்பதுண்டு. அந்தச் சங்கடத்தோடு உயிரோடும் வேலையோடும் இருக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம்.

அறுவையில் உலகையே மாற்றிய ஒரு பதில் இந்தியாவில் கிடைத்தது. சிறிய வாய்ப் புற்று, கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. அப்படியிருக்க, கழுத்திலுள்ள நெறிகளையும் அப்போதே எடுத்துவிடுவதா, பின்னால் வீங்கினால் பார்த்துக்கொள்வதா? அரை நூற்றாண்டு நீடித்த வாதம் இது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் குழுவினர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 500 பேரின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. முதலிலேயே நெறிகளை எடுத்தவர்களில் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். எட்டுப் பேருக்குச் செய்தால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. கைக்குத் தட்டுப்படாத கழுத்துகளில் பத்தில் மூன்றில் நோய் ஏற்கெனவே ஒளிந்திருந்ததுதான் காரணம்.

இந்த முடிவில் கம்பத்துக்காரருக்கு இன்னொரு நன்மை உண்டு. “காத்திருந்து பார்க்கலாம்” என்பது மருத்துவமனைக்கு அருகில் வசிப்பவர்களுக்கான யோசனை. காத்திருப்பது என்றால் மாதந்தோறும் வந்து கழுத்தைக் காட்ட வேண்டும். கழுத்து வலிக்கவில்லை, வேலை நாள் வீணாகிறது, அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போட்டவர் திரும்பி வரும்போது நெறி பெரும் கட்டியாகியிருக்கும். எந்தச் சிகிச்சையையும் எத்தனை நடை வரவைக்கிறது என்ற கணக்கோடுதான் எடைபோட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கணக்கு கதிர் சிகிச்சையில்தான் முழு உருவத்தைக் காட்டுகிறது.

‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள் நம் பக்கம். பெயரைக் கேட்டே பயந்தவர்கள் உண்டு. உண்மையில் அதில் மின்சாரம் பாய்வதும் இல்லை, அந்த நேரத்தில் வலியும் இல்லை. முகத்துக்கு அச்செடுத்த வலைமுகமூடி ஒன்றை மாட்டி, தலை அசையாமல் படுக்க வைத்து, சில நிமிடங்கள் கதிரைச் செலுத்துவார்கள். வழக்கமான கணக்கில் ஒரு நாளைக்கு 2 கிரே அளவு கதிர். மொத்தம் 66 முதல் 70 கிரே. அதாவது 33 முதல் 35 அமர்வுகள், ஆறரை ஏழு வாரங்கள். அறுவைக்குப் பின் கொடுப்பதென்றால் பெரும்பாலும் 30 அமர்வுகள். அதையும் அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தபின் பள்ளத்தாக்குக்குப் பல வசதிகள் கிடைத்துவிட்டன. ஆனால் கதிர் சிகிச்சை என்றால் நெடுங்காலமாக மதுரைப் பயணம்தான். அரசு இராசாசி மருத்துவமனையைச் சேர்ந்த பாலரங்காபுரம் மையத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் போய் வந்திருப்பார்கள்! கம்பத்திலிருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். 33 நடை போய்த் திரும்பினால், கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போய் வருகிற தூரம் ஏறத்தாழ வந்துவிடும். மதுரைக்கும் போடிக்கும் ஓடிய மீட்டர்கேஜ் ரயில், பாதையை அகலப்படுத்துவதற்காக 2010-இன் கடைசி நாளோடு நின்றது. தேனி வரை ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம். போடி வரை 2023 ஜூனில். நடுவில் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் பேருந்து மட்டுமே. கம்பத்துக்கு இன்றும் ரயில் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஏழு வாரக் கூலியை யார் ஏற்பது? கூடவே வருகிற மகளின் கூலியை?

இந்தக் கேள்விகளைச் சமூகவியலார் பார்த்துக்கொள்ளட்டும் என்று அறிவியல் ஒதுங்க முடியாது. ஏனென்றால் நாட்களின் எண்ணிக்கை புற்றுச் செல்லின் உயிரியலுக்குள்ளேயே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலீஸில் பணியாற்றிய கதிரியல் அறிஞர் ராட்னி விதர்ஸும் அவர் குழுவினரும் 1988-இல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். கதிர் சிகிச்சை தொடங்கிச் சுமார் நான்கு வாரம் ஆனதும், சாகாமல் எஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் திடீரென வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. கம்பம் வயலில் பாதிக் களையை எடுத்துவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும்? எஞ்சிய களைக்கு வெயிலும் இடமும் தாராளமாகக் கிடைக்கும். முன்னைவிட மதமதவென்று வளரும். அதே கதைதான். அந்தக் கட்டத்துக்குப் பின் ஒவ்வொரு நாளும் சுமார் 0.6 கிரே இந்தப் புது வளர்ச்சியை ஈடுகட்டவே செலவாகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். சிகிச்சை ஒரு நாள் நீண்டால், நோய் அந்த இடத்தில் கட்டுப்படும் வாய்ப்பு சராசரியாக 1.4 சதவீதம் குறைகிறது என்பது பின்னர் வந்த கணக்கு. தீபாவளிக்கு நாலு நாள், துட்டியில் மூன்று நாள், பண்டிகைக் கூட்டத்தில் பேருந்து கிடைக்காமல் ஒரு நாள் என்று போனால் பத்து சதவீதத்துக்கு மேல் கரைந்துவிடும்.

கொடுமை என்னவென்றால் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் வாய் வெந்து போகிறது. எச்சில் கம்பியாக இழுக்கும். உப்பு நாவில் பட்டால் நெருப்பு. தண்ணீர் விழுங்கவே முடியாத அந்த நாட்களில்தான் பலர் ஊருக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். புற்றுச் செல் வேகமெடுக்கிற வாரமும் மனிதர் சோர்ந்து விழுகிற வாரமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. அதனால்தான் மூக்கு வழியாக உணவுக் குழாய் போடச் சொல்கிறார்கள். குழாய் போட்டாலே முடிந்தது என்று உறவுக்காரர்கள் அழுவார்கள். அது முடிவின் அடையாளம் இல்லை. ராகிக் கூழும் பாலும் அடித்த முட்டையும் உள்ளே போனால் உடல் நிற்கும். உடல் நின்றால் நாள் தவறாது. சொத்தைப் பற்களைத் தொடக்கத்திலேயே பிடுங்கிவிடுவதும் இப்படிப்பட்ட முன்யோசனைதான். கதிர்பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், பின்னால் பல் பிடுங்கினால் எலும்பே அழுகிப்போகக்கூடும். நாள் தவறிவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு அமர்வு கொடுத்தோ, சனிக்கிழமை கொடுத்தோ ஈடுகட்ட வழி உண்டு.

அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. டென்மார்க்கில் யென்ஸ் ஓவர்கார்ட் குழுவினர், அதே கதிர் அளவை வாரத்துக்கு ஐந்துக்குப் பதில் ஆறு அமர்வாகக் கொடுத்து ஒரு வாரத்தை மிச்சப்படுத்தினார்கள். 2003-இல் வந்த முடிவின்படி ஐந்தாண்டு நோய்க்கட்டுப்பாடு 60-லிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. பணக்கார நாட்டில் சரி, மற்ற இடங்களில்? பன்னாட்டு அணுசக்தி முகமை ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா உள்ளிட்ட பகுதிகளின் ஒன்பது மையங்களில் சுமார் 900 பேரிடம் இதையே சோதித்தது. 2010-இல் கிடைத்த விடை: 30 சதவீதம் 42 ஆகியிருந்தது. புது இயந்திரம் இல்லை, புது மருந்து இல்லை. தேவைப்பட்டதெல்லாம் சனிக்கிழமையும் இயந்திரத்தை இயக்க ஆட்கள் மட்டும்தான்.

அதே முகமையின் அடுத்த ஆய்வை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். 33 அமர்வுகளில் 66 கிரே ஒரு பக்கம். ஒவ்வொரு அமர்விலும் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து 20 அமர்வுகளில், நான்கே வாரத்தில் 55 கிரே மறுபக்கம். பத்து நாடுகளில் ஏறத்தாழ 800 பேர் கலந்துகொண்டார்கள். குறுகிய சிகிச்சை நீண்டதற்குக் குறைந்ததல்ல என்று 2023-இல் அறிவித்தார்கள். இங்கிலாந்தின் சில மையங்களில் இது வெகுகாலப் பழக்கமும்கூட. யாருக்குப் பொருந்தும், மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் 33 நடை 20 நடையாகிறது என்றால் கம்பத்திலிருந்து வருகிறவருக்கு அது 13 நாள் கூலி.

உலகம் வேறு திசைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையில் 2019 முதல் புரோட்டான் கதிர் கிடைக்கிறது. ஜப்பான் 2020-இல் இரண்டு புதுமைகளுக்கு அனுமதி தந்தது. ஒன்று, புற்றுச் செல்லில் ஒட்டும் மருந்தைச் செலுத்தி மறுநாள் சிவப்பு லேசர் ஒளியால் அதைத் தூண்டுவது. மற்றது, போரான் கலந்த மருந்தைப் புற்றுச் செல்கள் உறிஞ்சியபின் நியூட்ரான்களைப் பாய்ச்சுவது. போரான் அணு உடைந்து பிறக்கும் துகள்கள் ஒரு செல்லின் அகலத்துக்குமேல் போவதில்லை. பக்கத்துச் செல் தப்பிக்கும். பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடுகிறது என்பதுதான் இதில் என்னை ஈர்க்கிறது. நியூட்ரான் இயந்திரம் நம் ஊருக்கு வர வெகுகாலம் ஆகும்.

மருந்துக்கு வருவோம். கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது இன்று உலக நடைமுறை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் பெரிய ஆய்வுகளால் அதை நிலைநாட்டுவதற்கு வெகு முன்பே, அடையாற்றில் அதை முயன்றார்கள். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அது. அங்கே மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் முற்றிய வாய்ப் புற்றுக்குக் கதிரையும் பிளியோமைசின் போன்ற மருந்துகளையும் இணைத்துச் சோதித்து, 1970-களிலேயே முடிவுகளை வெளியிட்டார்கள். தங்கள் வாசலில் வந்து நின்ற நோய் எதுவோ அதற்கே விடை தேடியவர்கள் அவர்கள்.

இப்போது அந்த இடத்தில் சிஸ்பிளாட்டின் இருக்கிறது. சிறுநீரகம் தாங்காதவர்கள், காது மந்தமானவர்கள் அதைப் பெற முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வாரம் ஒருமுறை சிறிய அளவில் டோசிடாக்ஸெல் கொடுக்கலாம் என்று டாடா நினைவு மருத்துவமனை 2023-இல் காட்டியது. கதிர் மட்டும் பெற்றவர்களில் இரண்டாண்டு கடந்தவர்கள் 41.7 சதவீதம், மருந்தும் சேர்ந்தபோது 50.8. டோசிடாக்ஸெல் காப்புரிமை தீர்ந்த பழைய மருந்து. எந்த மாவட்டத்திலும் வாங்கலாம்.

நோய் திரும்பி வந்தவர்களுக்கு, அறுவையும் கதிரும் இனிப் பயன்படாதவர்களுக்கு, உலகம் இன்று எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தைத் தருகிறது. புற்றுச் செல் நம் வெள்ளணுக்களின் பி.டி.-1 என்ற தடையை அழுத்தி அவற்றை உறங்க வைக்கிறது. நிவோலுமாப் என்ற மருந்து அந்தத் தடையை மூடிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவில் அது மாதம் பல லட்சம் கேட்டு வந்த மருந்து. ஆனால் தொடக்க கால ஆய்வுகளிலேயே ஒரு செய்தி ஒளிந்திருந்தது: மிகக் குறைந்த அளவிலேயே தடைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிடுகின்றன, அதற்குமேல் கொட்டினாலும் மூடுவதற்கு அதிகமாக எதுவும் மிச்சமில்லை. விஜய் பாட்டீலும் குமார் பிரபாஷும் அடங்கிய டாடா குழு இதைப் பிடித்துக்கொண்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம், கூடவே மெதோட்ரெக்ஸேட், செலகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள். ஆறு வாரத்துக்கு 720 மில்லிகிராம் ஆகிற இடத்தில் 40. பதினெட்டில் ஒரு பங்கு. மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு கடந்தவர்கள் 16.3 சதவீதம். இந்தச் சிறு அளவும் சேர்ந்தபோது 43.4 சதவீதம். முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் எட்டாத மருந்தோடு கிட்டிய மருந்தை ஒப்பிடுவதைவிட, ஒன்றுமே கிடைக்காத நிலையோடு ஒப்பிடுவதே நம் நோயாளிக்கு நியாயம்.

இவ்வளவுக்கும் தேவையே இல்லாத ஒரு வழி மலைக்கு அந்தப் பக்கம் சோதிக்கப்பட்டது. திருவனந்தபுரம் வட்டாரத்தில் 13 பஞ்சாயத்துகள், 1.9 லட்சம் மக்கள். 1996-இல் தொடங்கி, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பகல் வெளிச்சத்திலும் டார்ச் விளக்கிலும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கருவி அவ்வளவுதான். வெள்ளைப் படை, சிவப்புத் திட்டு, ஆறாத புண் தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். சங்கரநாராயணன் குழுவினர் 2005-இல் முடிவை வெளியிட்டபோது, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. இலங்கையில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களே இப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும் என்று 1980-களிலேயே நிரூபித்திருந்தார்கள். பாக்கு மெல்வது பரவலாக உள்ள தைவான், நாடு முழுக்க இதைத் திட்டமாக்கி, மரணத்தை 26 சதவீதம் குறைத்தது. கொடுப்பில் இருக்கும் சிறு புண்ணை எடுத்துவிட்டால் பலருக்குக் கதிரே வேண்டாம். முப்பத்து மூன்று நடையும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அவர்கள் பகலில் கதவைத் தட்டும்போது ஏலத்தோட்டப் பெண்கள் மலையில் இருப்பார்கள். இருட்டிய பிறகுதான் இறங்குவார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிற நேரம் ஒன்றுதான்: விடிவதற்கு முன், ஜீப் நிற்கிற இடம். ஒரு வாயைப் பார்க்க இரண்டு நிமிடம். கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும், ஜீப் நிறையும்வரை நின்றுகொண்டிருக்கிற அந்த நேரத்தில், டார்ச்சோடு ஒரு செவிலியர் அங்கே நின்றால் போதும். “அக்கா, வெத்தலைய ஒரு நிமிசம் துப்பிட்டு வாயத் தெறங்க.”